எண்ணெய் ரிப்போர்ட் நார்மல், பல் மட்டும் தேய்கிறது: சிமென்ட் மில் கியர் கண்காணிப்பு பற்றி

3 ஜூன் 2023: வந்த கேள்வி

"அண்ணா, அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மெக்கானிக்கல் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் பால் மில் (எஃகுக் குண்டுகள் போட்டு அரைக்கும் உருளை) கியர்பாக்ஸுக்கு மாதாமாதம் எண்ணெய் டெஸ்ட், வைப்ரேஷன் ரீடிங் இரண்டும் எடுக்கிறோம். இரண்டும் நார்மல் என்றே வருகிறது. போன ஷட்டவுனில் இன்ஸ்பெக்‌ஷன் கவரைத் திறந்தால் இரண்டாம் ஸ்டேஜ் பினியன் (ஜோடியில் சின்ன கியர்) பல் நுனி கூராகி நிற்கிறது. வெளியே கிர்த் கியரை (மில்லைச் சுற்றி மாட்டிய பெரிய வளைய கியர்) ஓட்டும் பினியனிலும் படி விழுந்திருக்கிறது. அப்படியென்றால் கண்காணிப்புக்குக் கொடுக்கிற காசு தண்டம்தானே?"

3 ஜூன், இரவு

தண்டம் இல்லை தம்பி. ஆனால் அந்த இரண்டு டெஸ்ட்டும் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் கோளாறு. "நார்மல்" என்று முத்திரை குத்திய ரிப்போர்ட் எனக்கு எப்போதுமே கோபம் வரவழைக்கும். எதற்கு நார்மல், எந்த அளவுத் துகளுக்கு நார்மல் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

முதலில் எண்ணெய். உங்கள் ரிப்போர்ட்டில் இரும்பு இத்தனை பிபிஎம், செம்பு இத்தனை பிபிஎம் என்று (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) வருவது ஸ்பெக்ட்ரோமீட்டர் கணக்கு. எண்ணெயை எரித்து, வரும் ஒளியில் உலோகத்தை அளக்கும் கருவி அது. சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டர் 5 முதல் 8 மைக்ரானுக்கு உட்பட்ட துகளைத்தான் ஒழுங்காக எண்ணும். அதைவிடப் பெரிய துகள் முழுதாக எரிந்து ஆவியாகாது, கணக்கில் பாதிகூட வராது. பல் முகம் ஆரோக்கியமாக உரசும்போது வருவது பொடித் துகள், அது ரிப்போர்ட்டில் ஏறும். எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசி இழுபட ஆரம்பித்தால் வருவது 20, 50, 100 மைக்ரான் செதில். அது ஏறாது. நிலைமை மோசமாகும்போது ரிப்போர்ட்டில் இரும்பு தட்டையாக நிற்பதும், சில சமயம் இறங்குவதுகூட, இதனால்தான்.

லேபில் பிக்யூ இண்டெக்ஸும் கேளுங்கள். சாம்பிளில் காந்தத்துக்கு ஒட்டும் இரும்பு மொத்தம் எவ்வளவு என்று சொல்லும் எண் அது. துகள் பெரிதா சிறிதா என்று பார்க்காது. இரும்பு பிபிஎம் அப்படியே இருக்க, பிக்யூ மட்டும் மாதாமாதம் ஏறினால் பெரிய செதில் விழுகிறது என்று பொருள். செலவு அதிகமில்லை.

4 ஜூன், காலை

விட்டுப்போன ஒன்று. சாம்பிள் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அடி டிரெயினில் குளிர்ந்த எண்ணெயை எடுத்தால் வருஷக்கணக்கான கசடு வரும். ஃபில்டருக்கு அப்புறம் எடுத்தால் தீர்த்தம் மாதிரி சுத்தமாக வரும். இரண்டுமே பொய் சொல்லும். மில் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் சூடாக இருக்கும்போது, ரிட்டர்ன் லைனில் ஃபில்டருக்கு முன்னால் எடுக்க வேண்டும். எப்போதும் அதே இடம். ஒவ்வொரு சாம்பிளோடும் டாப்-அப் எத்தனை லிட்டர் என்று எழுதி அனுப்புங்கள். சீல் ஒழுகுகிற கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்ற ஊற்ற பிபிஎம் குறைந்துகொண்டே போகும், பல்லும் தேய்ந்துகொண்டே போகும்.

ஃபில்டர் எலிமென்ட்டைத் தூக்கி எறிவதற்கு முன் ஒன்றை அறுத்து, மடிப்பைக் கெரசினில் கழுவி, ஒரு காந்தத்தை வெள்ளைத் துணியில் சுற்றி அதில் ஓட்டிப் பாருங்கள். லேப் ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும், இதற்குப் பத்து நிமிஷம் போதும்.

4 ஜூன், இரவு

இனி வைப்ரேஷன். "நார்மல்" என்று நீங்கள் சொல்வது ஓவரால் மிமீ/விநாடி எண்ணை, அதாவது எல்லா அதிர்வையும் சேர்த்த ஒற்றை எண்ணைத்தான் என்று நினைக்கிறேன். அந்த எண் கியர் தேய்மானத்துக்கு ஏறக்குறைய குருடு. மொத்த அதிர்வில் பல் மோதல் ஒரு பங்கு மட்டும்தான். அது இரண்டு மடங்கானாலும் மொத்தம் கொஞ்சம்தான் அசையும்.

இதைவிட அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. எல்லாப் பற்களும் ஒரே சீராகத் தேய்ந்தால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் வித்தியாசம் இல்லை. வைப்ரேஷன் வித்தியாசத்தைத்தான் நன்றாகக் காட்டும். ஒரே ஒரு பல் உடைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தட்டும், உடனே தெரியும். எல்லாப் பல்லும் சேர்ந்து மெலிந்தால் தட்ட எதுவும் இல்லை.

அப்போதும் ஒரு தடயம் உண்டு. பல் உயரத்தின் நடுவாக்கில் ஓடும் பிட்ச் லைனில் சறுக்கல் கிடையாது, உருளல் மட்டும்தான். அதற்கு மேலும் கீழும்தான் சறுக்கும். ஆகவே தேய்மானம் பிட்ச் லைனுக்கு மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி என்று இரட்டைக் குழியாக விழுகிறது, நடுவில் ஒரு மேடு மிஞ்சுகிறது. ஒரு பல் கடந்துபோகும் நேரத்துக்குள் இரண்டு ஏற்ற இறக்கம் என்பதால் பல் மோதும் அதிர்வெண்ணைவிட (ஜிஎம்எஃப்) அதன் இரண்டாம் மடங்குதான் முதலில் வளர்கிறது. தேய்மானத்துக்கு ஜிஎம்எஃப் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் மடங்குகளின் டிரெண்டை வரைந்து வையுங்கள்.

6 ஜூன்

"ஸ்பெக்ட்ரமும் எடுக்கிறோம் அண்ணா, அதில் ஒன்றும் தெரியவில்லை" என்று தம்பி எழுதியிருக்கிறார். அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படம் அது. செட்டிங்கும் அனுப்பினார்: 1000 ஹெர்ட்ஸ் வரை, 800 கோடு. இங்கேதான் விஷயம் இருக்கிறது, கணக்கோடு பார்ப்போம்.

அவர் மில்லில் கிர்த் கியரை ஓட்டும் பினியன் 24 பல், நிமிடத்துக்கு 120 சுற்று. விநாடிக்கு 2 சுற்று. ஜிஎம்எஃப் = 24 × 2 = 48 ஹெர்ட்ஸ். கிர்த் கியர் 180 பல், ஆக அதன் வேகம் 16 ஆர்பிஎம், அதாவது 0.267 ஹெர்ட்ஸ். மோட்டார் 990 ஆர்பிஎம், 16.5 ஹெர்ட்ஸ், அதன் மூன்றாம் மடங்கு 49.5.

1000 ஹெர்ட்ஸை 800 கோடாகப் பிரித்தால் கோட்டுக்குக் கோடு 1.25 ஹெர்ட்ஸ். 48-ம் 49.5-ம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மேடாகத் தெரியும். பினியன் சைட்பேண்ட் (முக்கிய மேட்டுக்கு இருபுறமும் எழும் சின்ன மேடு) 46-லும் 50-லும் வர வேண்டும், அவையும் அந்த மேட்டில் கரைந்துவிடும். கிர்த் கியர் சைட்பேண்ட் 0.267 இடைவெளியில் நிற்பது, அதைக் கேட்கவே வேண்டாம். கருவி நல்ல கருவிதான், கேட்ட கேள்விதான் போதாது.

தனியாக இன்னொரு ரீடிங் வைத்துக்கொள்ளுங்கள்: 200 ஹெர்ட்ஸ் வரை, 6400 கோடு. கோட்டுக்குக் கோடு 0.031 ஹெர்ட்ஸ். ஒரு ரீடிங்குக்கு 32 விநாடி ஆகும், அதற்குள் கிர்த் கியர் எட்டரைச் சுற்று சுற்றியிருக்கும். பினியன் பேரிங் ஹவுசிங்கில் சென்சாரை வைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். 48-க்கு இருபுறமும் 2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சைட்பேண்ட் எழுந்தால் பினியன் பக்கம் பாருங்கள். 0.267 இடைவெளியில் எழுந்தால் கிர்த் கியர் பக்கம்: ரன்-அவுட் (சுற்றும்போது வட்டம் விலகி ஆடுவது), இரண்டு பாதி சேரும் ஜாயின்ட், அல்லது ஒரு பகுதியில் மட்டும் தேய்மானம்.

இவ்வளவு மெதுவான வேகத்துக்கு விசேஷ சென்சார் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. நாம் தேடுவது 0.267-இல் வரும் அதிர்வை இல்லை, 48-ஐச் சுற்றி அது ஏற்படுத்தும் ஏற்ற இறக்கத்தை. 48 ஹெர்ட்ஸைச் சாதாரண ஆக்ஸிலரோமீட்டரே நன்றாகப் பிடிக்கும்.

6 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

லோடு! மில் பாதி லோடில் ஓடும்போது எடுத்த ரீடிங்கையும் முழு லோடில் எடுத்ததையும் ஒரே கோட்டில் வரைந்தால் அது டிரெண்டே இல்லை. பல் மோதலின் உயரம் லோடைப் பொறுத்தே ஏறி இறங்கும். கன்ட்ரோல் ரூமில் மோட்டார் கிலோவாட் கேட்டு ரீடிங் பக்கத்தில் எழுதுங்கள். கிலோவாட் இல்லாத ரீடிங்கை நான் ஒப்பிடவே எடுத்துக்கொள்வதில்லை.

9 ஜூன்

வெளியே இருக்கும் கிர்த் கியருக்கு இன்னொரு சிக்கல். அதற்கு எண்ணெய் சாம்பிளே கிடையாது. ஸ்ப்ரே செய்த லூப்ரிகன்ட் பல்லில் ஒட்டி, வேலை முடிந்து கீழே வழிந்து போய்விடுகிறது. நேற்று வரை எழுதிய பிக்யூ, ஃபில்டர் எதுவும் இங்கே உதவாது. கண்ணும் வெப்பமும்தான் வழி.

ஸ்ட்ரோபோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கியரை மூடியிருக்கும் கார்டின் ஜன்னலைத் திறக்கிறோம். ஃபிளாஷை நிமிடத்துக்கு 120-க்குக் கொண்டு வந்தால் பினியன் அப்படியே நின்றுவிடும். ஒரே பல் கண்ணெதிரே நிற்கும். பிறகு ஒரு இம்மி குறைத்தால் பல் ஒவ்வொன்றாக மெல்ல நகர்ந்து வரும். கறுப்பு கிராஃபைட் பூச்சில் பல்லின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று வெள்ளிக் கோடாகத் தெரிந்தால் அந்த ஓரத்தில்தான் முழு லோடும் உட்கார்ந்திருக்கிறது. நெடுக்குக் கீறல் இருந்தால் தூசி அரைபடுகிறது. நுனியில் உதட்டைப் போல உலோகம் வழிந்து மடிந்திருந்தால் பல் முகம் அழுத்தம் தாங்காமல் பிதுங்குகிறது. ஒளி ஊடுருவும் தடித்த லூப்ரிகன்ட் போடும் ஆலைகளில் இதெல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு விஷயத்தைக் கெட்டியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் நின்றதாகத் தெரியும் கியர் ஓடிக்கொண்டிருக்கிறது. கை, துணி, டார்ச் எதுவும் ஜன்னலுக்கு உள்ளே போகக் கூடாது. புதிதாக வரும் பையன்களைக் கூட்டிப்போனால் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பேன்.

அடுத்தது வெப்பம். பினியன் பல் மெஷ்ஷிலிருந்து (இரண்டு கியரின் பல்லும் கோக்கும் இடம்) வெளியே வரும் பக்கத்தில், முகத்தின் அகலம் முழுக்க ஐந்து இடத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் எடுங்கள். வெயில் காலம், மழைக் காலம் மாறுவதால் தனி எண்ணுக்கு மதிப்பில்லை, இரு முனைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு. 10 டிகிரிக்கு மேல் போனால் நான் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லிவிடுவேன். சூடான முனையில்தான் லோடு, அங்கேதான் முதலில் பல் போகும். ஐந்து இடமும் சேர்ந்து ஏறினால் ஸ்ப்ரே நாசில் அடைப்பைப் பாருங்கள். பூச்சு விலகிப் பளபளக்கும் இடத்தில் துப்பாக்கி குறைத்துக் காட்டும், அதனால் எப்போதும் பூச்சு இருக்கும் இடத்திலேயே குறிவையுங்கள்.

10 ஜூன்

கணக்கு போடும்போதே உறுத்திக்கொண்டிருந்தது, இப்போது எழுதுகிறேன். 24-க்கும் 180-க்கும் பொதுக் காரணி 12. அதனால் பினியனின் ஒரு பல், கிர்த் கியரின் 180 பல்லையும் சந்திப்பதில்லை. மீண்டும் மீண்டும் அதே 15 பல்லைத்தான் சந்திக்கிறது. பினியன் 15 சுற்று, அதாவது 7.5 விநாடி, மறுபடி அதே ஜோடி. ஒரு பல்லில் குறை இருந்தால் அந்தப் பதினைந்தையும் கெடுக்கும், மற்ற பற்களைத் தொடாது. தேய்மானம் குழு குழுவாகப் பிரியும். கிர்த் கியரைச் சுற்றி வரும்போது "ஒரு பல் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று மோசமாக இருக்கிறது, மறுபடி நன்றாக" என்று ஃபிட்டர் சொன்னால் அவர் கண் சரியாகத்தான் பார்க்கிறது.

பினியன் 23 பல்லாக இருந்திருந்தால் 180 சுற்று கழித்துத்தான் அதே ஜோடி வரும், ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லோடும் பழகி ஒரே சீராகத் தேயும். அடுத்த பினியன் ஆர்டர் பண்ணும்போது பல் எண்ணிக்கையை மாற்ற இடமிருக்கிறதா என்று டிசைன் ஆட்களிடம் கேளுங்கள். சென்டர் தூரம், மாட்யூல் (பல்லின் அளவு), அகலம் எல்லாம் ஒத்துவர வேண்டும், சும்மா ஒரு பல்லைக் குறைத்துவிட முடியாது.

பினியன்தான் முதலில் போகும் என்பதும் இதே கணக்குதான். கிர்த் கியர் ஒரு சுற்று சுற்றினால் பினியனின் ஒவ்வொரு பல்லும் ஏழரை முறை அடி வாங்குகிறது. அதனால்தான் பினியனைக் கிர்த் கியரைவிடக் கடினமான எஃகில் செய்கிறார்கள். திருப்பிப் போடக்கூடிய பினியன் என்றால் மறுமுகத்தையும் பயன்படுத்தலாம்.

14 ஜூன்

4-ம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாப் பல்லும் சீராகத் தேய்வதற்கு எண்ணெய் முந்தும், வைப்ரேஷன் பிந்தும் என்பதுதான் நான் சொன்னது. ஒற்றைப் பல்லின் வேரில் ஓடும் வெடிப்புக்கு நேர்மாறு. வெடிப்பு வளரும்போது துகளே விழாது, எண்ணெய் கடைசிவரை சுத்தமாக இருக்கும். அங்கே வைப்ரேஷன்தான் நம்பிக்கை. பினியன் ஷாஃப்டில் சுற்றுக்கு ஒரு சிக்னல் தரும் டாக்கோ வைத்து, நூறு சுற்றின் அதிர்வை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், ஷாஃப்டோடு சேராத இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 24 பல்லும் 24 மேடாக வரிசையாகத் தெரியும், எது பலவீனம் என்று விரல் வைத்துக் காட்டலாம். பினியனுக்கு இதற்கு 50 விநாடி போதும். கிர்த் கியருக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை மில் லோடு நிலையாக இருக்க வேண்டும்.

இரண்டு முறையுமே கோட்டை விட்ட சம்பவங்களும் உண்டு, அதை மறைத்துவிட்டு இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. 2009 ஏப்ரல் 1-ம் தேதி ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கடற்கரைக்கு அப்பால் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து 16 பேரும் இறந்தார்கள். கியர்பாக்ஸில் நடு கியரைச் சுற்றி வரும் பிளானட் கியர் ஒன்று சோர்வு வெடிப்பில் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் வெடிப்பு) பிளந்திருந்தது. வைப்ரேஷன் கண்காணிப்பு அதில் இருந்தது, வெடிப்பைக் காட்டவில்லை. மார்ச் 25 அன்று எண்ணெயில் வரும் உலோகத் துகளைப் பிடிக்கும் சிப் டிடெக்டர் காந்தத்தில் ஒரு துகள் கிடைத்திருந்தது. ஆனால் அந்தத் துகள் எங்கிருந்து வந்தது என்று கியர் தொகுதியைப் பிரித்துப் பார்க்கவில்லை. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் துரோய் தீவருகே அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹெலிகாப்டர், 13 உயிர். அங்கும் பிளானட் கியர்தான். வெடிப்பு மேற்பரப்புக்குக் கீழே ஓடியது, எச்சரிக்கும் அளவுக்குத் துகள் சிக்கவில்லை.

இரண்டுமே பல் தேய்மானம் இல்லை, கியரின் உள்ளே இருந்த பேரிங் பாதையில் தொடங்கிய வெடிப்பு. ஆனாலும் காந்தப் பிளக்கில் ஒரு செதில் பார்த்தால் அதைத் துடைத்து எறிய எனக்குக் கை வராது. கவரில் போட்டு, தேதி எழுதி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

15 ஜூன்

"இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஆன்லைன் சென்சார் மாட்டினால் போதாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாட்டுங்கள், நல்லதுதான். ரிட்டர்ன் லைனில் துகளை எண்ணும் சென்சார் மாதச் சாம்பிளைவிட எவ்வளவோ மேல். ஆனால் கவரைத் திறந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. கோடிக்கணக்கில் காசு கொட்டி வாங்கிய கியரைத் தாராளமாகப் பார்க்கலாம்.

22 ஜூன்

தம்பி பிக்யூ-வோடு ரிப்போர்ட் வாங்கி அனுப்பியிருக்கிறார். நினைத்தபடியே இருக்கிறது: இரும்பு பிபிஎம் போன மாதம் போலவே, பிக்யூ அதற்குப் பொருந்தாத அளவு உயரம். லேபில் ஃபெர்ரோகிராம் படமும் எடுத்திருக்கிறார்கள். துகளைக் காந்தத்தால் கண்ணாடித் தகட்டில் படியவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. படத்தில் நீளவாக்கில் இணைகோடு விழுந்த தட்டைச் செதில்கள், அதோடு சுருள் சுருளாகச் சில. இணைகோட்டுச் செதில் என்றால் கடும் சறுக்கல் உரசல், எண்ணெய்ப் படலம் போதவில்லை. சுருள் என்றால் கடினத் தூசி பல்லைச் சீவுகிறது, லேத்தில் விழும் சிம்புதான் அது, அளவு மட்டும் பொடி.

தூசி எங்கிருந்து? ரிப்போர்ட்டில் சிலிக்கான் கொஞ்சம்தான் என்று தம்பி சமாதானம் சொல்கிறார். மற்ற ஆலையில் சிலிக்கான் பார்க்கலாம், சிமென்ட் ஆலையில் கால்சியத்தைப் பாருங்கள். கிளிங்கரில் மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் ஆக்சைடு, சிலிக்கா ஐந்தில் ஒரு பங்கு. தவிர, சிலிக்கான் நுரை அடக்கும் மருந்திலிருந்தும் சீலன்ட்டிலிருந்தும் வரும். புது எண்ணெயின் கால்சியத்தோடு ஒப்பிட்டால் இவர் சாம்பிளில் தெளிவாக ஏறியிருக்கிறது. வேறு எண்ணெயோ கால்சியம் கிரீஸோ கலக்கவில்லை என்று உறுதியானால் பிரீதரையும் (கியர்பாக்ஸ் காற்று வாங்கும் வாய்) ஷாஃப்ட் சீலையும்தான் பிடிக்க வேண்டும்.

23 ஜூன்

பிரீதர் எலிமென்ட் இல்லாமல் வெறும் மூடி மட்டும் இருந்ததாம். மில் ஹவுஸில், தூசிக்கு நடுவே! மாற்றச் சொல்லியாயிற்று. எண்ணெயை வடிகட்டவும் சொன்னேன். தூசி உள்ளே இருக்கும்வரை புது பினியன் போட்டாலும் அதே கதைதான்.

2 ஜூலை

அடுத்த ஷட்டவுனுக்கு என்னென்ன செய்வது என்று கேட்டார். கியர்பாக்ஸ் பினியன் மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்திய எஃகு. அந்தக் கடினத் தோல் தேய்ந்து உள்ளே மெத்தென்ற எஃகு வெளிப்பட்டால் அப்புறம் தேய்மானம் பாய்ச்சலில் போகும். ஆகவே மீதி எவ்வளவு இருக்கிறது என்று இப்போதே அளக்க வேண்டும். பல் தடிமனை கியர் டூத் வெர்னியரில் எடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே பல், எண் பஞ்ச் செய்து வையுங்கள். கூடவே பல்லைச் சுத்தமாகத் துடைத்து, டென்டல் டாக்டர் பயன்படுத்தும் வகை சிலிக்கோன் பேஸ்ட்டால் ஒரு அச்சு எடுங்கள். கெட்டியானதும் பிரித்து, குறுக்கே வெட்டினால் இரட்டைக் குழியின் ஆழம் அப்படியே தெரியும். அடுத்த ஷட்டவுன் அச்சைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், வாதாட வேண்டியதே இல்லை.

கிர்த் கியருக்கு: ஜாயின்ட் இடைவெளி ஃபீலர் கேஜில், ரன்-அவுட் டயல் கேஜில், பல் வேர் இடைவெளி (ஒரு கியரின் பல் நுனிக்கும் மற்றதன் பல் அடிக்கும் நடுவே) இரு முனையிலும். பினியன் படியை கிரைண்டரில் தேய்த்துச் சரிசெய்யலாமா என்றால், படி பல் ஓரத்தில் மட்டும் இருந்தால் செய்யலாம். வேலை செய்யும் முகத்தில் கை வைப்பதற்கு முன் அலைன்மென்ட்டைச் சரிசெய்து, ஐந்து புள்ளி வெப்பம் எடுத்துவிட்டு எனக்கு எண்ணை அனுப்புங்கள். பிறகு பேசுவோம்.